சட்டத்தின் சொல்லும் நீதிபதியின் வாசிப்பும்

"அவர் செத்துப்போனார் எண்டு நான் கையெழுத்து வைக்கமாட்டன் தங்கச்சி. காணி கிடந்தால் கிடக்கட்டும்."

2014ஆம் ஆண்டில் ஒரு நாள், வன்னியில் பாதி கட்டிய வீடொன்றின் திண்ணையில் இருந்தபடி ஓர் அக்கா என்னிடம் இவ்வாறு கூறினார். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து முடித்து, பெண்கள் நலனுக்காகச் செயற்படும் நிறுவனமொன்றில் களப்பணியாளராக நான் சேர்ந்து அப்போது இரண்டு வருடங்கள்கூட ஆகியிருக்கவில்லை. அக்காவின் கணவர் 2009ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் காணாமற்போனவர். மூன்று பிள்ளைகள். வீட்டை முடிப்பதற்காக வாங்கிய கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் அவருடைய பெற்றோர் சீதனமாக எழுதிக்கொடுத்த நான்கு பரப்புக் காணி இருந்தது. அதில் இரண்டு பரப்பை விற்றால் கடன் முழுவதும் தீர்ந்துவிடும். வாங்குவதற்கும் ஆள் இருந்தது.

ஆனால் உறுதி எழுதச் சென்ற இடத்தில் நொத்தாரிசு ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: "கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இல்லையெனில் அவருடைய மரணச் சான்றிதழைக் கொண்டுவாருங்கள்."

2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், மோதல்களின்போது காணாமற்போய் ஒரு வருடத்துக்கு மேலாகத் தகவல் எதுவும் இல்லாதவர்களின் மரணத்தைப் பதிவு செய்ய முடிந்தது. பலர் அவ்வாறு சான்றிதழ் பெற்றார்கள். இந்த அக்கா மறுத்தார். அந்தத் தாளைக் கையில் வாங்கினால் தன் கணவரைத் தானே சாகடித்தது போலாகிவிடும் என்பது அவருடைய எண்ணம். அந்த மறுப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வட்டி அவருடைய மனதுக்காகக் காத்திருக்கவில்லை.

அவரை ஒரு பெண் சட்டத்தரணியிடம் அழைத்துச் சென்றேன். அன்று அங்கே கேட்டறிந்த விடயந்தான், சட்டத்தின் சொற்களை நீதிமன்றம் எவ்வாறு வாசிக்கிறது என்பதைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டியது. எமது வாசகிகளுக்கும் அது பயன்படும் என்பதால் இங்கு பகிர்ந்துகொள்கிறேன்.

சட்டம் கேட்டது எதை?

அந்தச் சட்டத்தரணி எடுத்துக் காட்டியது 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், முதுரிமைக் கட்டளைச் சட்டம். தேசவழமைக்கு உட்பட்ட மனைவி ஒருத்தி தன் அசையும் சொத்தைத் தன் விருப்பப்படி கையாளலாம் என்றும், அசையாச் சொத்தை இறுதி விருப்பாவணத்தின் மூலம் எவருக்கும் எழுதிவைக்கலாம் என்றும் அச்சட்டம் கூறியது. ஆனால் அவள் உயிரோடு இருக்கும்போது அதே அசையாச் சொத்தை விற்பதற்கோ ஈடு வைப்பதற்கோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றும் கூறியது. தன் சொந்தச் சீதனக் காணிக்கும் இந்த விதிதான். நொத்தாரிசு சொன்னது தவறல்ல. அவர் பக்கத்தின் முதற் பாதியை மட்டுமே வாசித்திருந்தார்.

அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு, எந்தெந்தச் சந்தர்ப்பங்களில் மாவட்ட நீதிமன்றம் அந்தச் சம்மதத்தின் இடத்தில் தன் கட்டளையை வழங்கலாம் எனப் பட்டியலிட்டது. கணவர் மனைவியைக் கைவிட்டிருத்தல், இருவரும் சம்மதித்துப் பிரிந்திருத்தல், அவர் இரண்டு வருடத்துக்கு மேல் சிறையில் இருத்தல், சித்தசுவாதீனம் அற்றிருத்தல், நியாயமின்றிச் சம்மதத்தை மறுத்தல், மனைவியின் அல்லது பிள்ளைகளின் நலன் அதை வேண்டிநிற்றல் என்பன அவை. இவற்றின் நடுவே இன்னும் ஒன்று இருந்தது: கணவரின் வசிப்பிடம் அறியப்படாதிருத்தல்.

1911இல் அந்த வரியை எழுதியவர்கள் முள்ளிவாய்க்காலை நினைத்திருக்க முடியாது. வீட்டை விட்டு எங்கோ சென்று தொடர்பற்றுப்போன கணவனைத்தான் அவர்கள் நினைத்திருப்பார்கள். வழக்கு எடுக்கப்பட்ட அன்று நீதிபதியும் ஏறக்குறைய இதையே கேட்டார். இந்த ஏற்பாடு உயிரோடிருக்கும் கணவனைப் பற்றியது அல்லவா, இவர் உயிரோடு இருக்கிறார் என்று மனுதாரர் கூறுகிறாரா என்பது அவருடைய கேள்வி.

சட்டத்தரணி எழுந்து சொன்ன பதிலை நான் என் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். "சட்டம் கேட்பது அவர் எங்கே இருக்கிறார் என்பதைத்தான். உயிரோடு இருக்கிறாரா என்று சட்டம் கேட்கவில்லை. இறந்திருந்தால் திருமணமே முடிந்துவிட்டது, சம்மதமும் தேவையில்லை. உயிரோடு இருந்தால் அவர் இருக்கும் இடம் எவருக்கும் தெரியாது. எந்தப் பக்கம் பார்த்தாலும் இந்தப் பெண்ணுக்குத் தடை இருக்கக்கூடாது."

பொலிஸ் முறைப்பாடு, காணாமற்போனோர் தொடர்பாக அவர் கொடுத்த மனுக்களின் பிரதிகள், கிராம அலுவலரின் கடிதம், சத்தியக்கடதாசி என எல்லாம் சமர்ப்பிக்கப்பட்டன. நான்காவது தவணையில் கட்டளை கிடைத்தது. அக்கா இரண்டு பரப்பை விற்றார், கடனைத் தீர்த்தார். கணவர் இறந்துவிட்டார் என்று எந்தத் தாளிலும் அவர் கையெழுத்து வைக்கவில்லை.

நீதிபதிகள் வாசிக்கும் முறை

சட்டத்தை ஆக்குவது பாராளுமன்றம். அதற்குப் பொருள் கூறுவது நீதிமன்றம். இதனைச் சட்டத்துறையினர் பொருள்கோடல் என்பர். நீதிபதி தன் விருப்பத்துக்கு வாசிப்பதில்லை. அதற்கெனச் சில வழிகள் உண்டு.

முதலாவது, சொல்லின் சாதாரண அர்த்தத்தைக் கொள்வது. சொல் தெளிவாக இருந்தால் அதற்கு அப்பால் தேடவேண்டியதில்லை. இரண்டாவது, அவ்வாறு நேராக வாசித்தால் அபத்தமான முடிவு வருமாயின், அதைத் தவிர்க்கும் அர்த்தத்தைத் தேடுவது. மூன்றாவது, அந்தச் சட்டம் எந்தக் குறையைப் போக்க வந்தது என்று கேட்பது. இங்கிலாந்தில் 1584ஆம் ஆண்டு வழக்கொன்றில் இதற்கான கேள்விகள் வகுக்கப்பட்டன. முன்பு சட்டம் என்னவாக இருந்தது, அதில் இருந்த குறை என்ன, அதற்குக் கொண்டுவரப்பட்ட பரிகாரம் என்ன, அந்தப் பரிகாரத்தின் உண்மையான காரணம் என்ன என்பனவே அவை. இவற்றோடு எமது நாட்டில் 1901ஆம் ஆண்டின் பொருள்கோடல் கட்டளைச் சட்டமும் உண்டு. சட்டத்தில் 'அவன்' என்று ஆண்பாலில் எழுதப்பட்டிருந்தால், வேறு கருத்து வெளிப்படாத வரையில் அது பெண்ணையும் உள்ளடக்கும் என்பது அதில் உள்ள ஒரு விதியாகும்.

எமது நாட்டில் இந்த வாசிப்புக்கு மேலதிக முக்கியத்துவம் ஒன்று உண்டு. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆவது உறுப்புரை சமத்துவத்தை உறுதியளித்தது. ஆனால் 16ஆவது உறுப்புரை, அதற்கு முன்பிருந்த எழுதப்பட்ட, எழுதப்படாத சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லுபடியாகும் என்று கூறியது. ஆகவே பழைய சட்டமொன்று பெண்ணுக்குப் பாரபட்சமாக இருக்கிறது என்பதற்காக நீதிபதியால் அதைத் தூக்கி எறிய முடியாது. அதை எவ்வாறு வாசிப்பது என்பதில்தான் அவருக்கு இடம் இருக்கிறது. அந்த இடம் சில வேளை ஒரு சொல்லின் அளவானது.

'தேடியதேட்டம்': ஒரு சொல்லுக்கு 75 வருடங்கள்

சட்டத்தின் சொல் எப்போதும் பெண்ணுக்குக் கை கொடுக்கும் என்று நான் கூறவரவில்லை. எமது குடும்பங்களில் தினமும் பேசப்படும் ஒரு சொல்லையே பார்ப்போம்.

எமது வழமையில் சொத்துகள் மூன்று வகைப்படும். வழிவழியாக வருவது முதுசம், பெண்ணுக்குக் கொடுக்கப்படுவது சீதனம், திருமணத்தின் பின் தேடிக்கொள்வது தேடியதேட்டம். ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டளவில், இந்த வழமைகள் ஒல்லாந்த மொழியில் எழுத்தில் தொகுக்கப்பட்டன. பின்னர் ஆங்கிலேயர் 1806இல் அதனைச் சட்டமாக ஏற்றுக்கொண்டனர். ஆகவே எங்கள் பாட்டிமாரின் வாயில் இருந்த தமிழ்ச் சொல் ஒல்லாந்த மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் சென்று, ஆங்கிலத் தீர்ப்புகளில் அர்த்தம் பெற்று, மீண்டும் எம்மிடம் வந்தது.

1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆவது பிரிவு, திருமண காலத்தில் கணவனோ மனைவியோ பெறுமதி கொடுத்து வாங்கிய சொத்தும், அவரவர் தனிச் சொத்தில் இருந்து அக்காலத்தில் கிடைத்த வருமானமும் தேடியதேட்டம் என்றது. 20ஆவது பிரிவு அதனை இருவருக்கும் பொதுவான சொத்து என்றது. இப்போது ஒரு கேள்வி எழுந்தது. மனைவி தன் சீதனப் பணத்தைக் கொடுத்து ஒரு காணி வாங்கினால், அது அவளுடைய தனிச் சொத்தா, அல்லது தேடியதேட்டமா?

1920இல் நீதிமன்றம், அது தனிச் சொத்தாகவே தொடரும் என வாசித்தது. சீதனப் பணம் காணியாக உருமாறியதே தவிர வேறொன்றும் நிகழவில்லை என்ற கருத்தில் இது நியாயமாகவே தெரிகிறது. ஆனால் 1933இல் கூடுதலான நீதிபதிகள் கொண்ட ஆயம் அதை மாற்றியது. சட்டத்தின் சொற்கள் தெளிவானவை, பெறுமதி கொடுத்து வாங்கியதா என்று மட்டுமே சட்டம் கேட்கிறது, பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை என்பதே அந்த வாசிப்பு. விளைவாக, பெண்ணின் சீதனப் பணத்தில் வாங்கிய காணியில் பாதி கணவருடையதாயிற்று. அவருடைய கடன்காரர் அந்தப் பாதிமீது கண்வைக்கவும் வழி பிறந்தது.

கவனித்துப் பாருங்கள். "சட்டம் கேட்காததை நாம் கேட்கக்கூடாது" என்ற அதே வாசிப்பு முறைதான் வன்னி அக்காவுக்குக் காணியை விற்க உதவியது. 1933இல் அதே முறை பெண்களின் சீதனத்தைப் பாதியாக்கியது. முறை ஒன்றுதான். சொற்கள் எவ்வாறு எழுதப்பட்டிருந்தன என்பதே வேறுபாடு.

இதைச் சீர்செய்யச் சட்டவாக்க சபைதான் வரவேண்டியிருந்தது. 1947ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கத் திருத்தம், கொடுத்த பெறுமதி அந்த வாழ்க்கைத் துணையின் தனிச் சொத்தின் பகுதியாகவோ அதனைப் பிரதிபலிப்பதாகவோ இல்லாதிருந்தால் மட்டுமே வாங்கிய சொத்து தேடியதேட்டம் ஆகும் என்று எழுதியது. சீதனப் பணம் பாதுகாக்கப்பட்டது.

ஆனால் அதே திருத்தம் புதிய பிரிவுகளை எழுதியபோது, 'இருவருக்கும் பொதுவான சொத்து' என்ற பழைய வாசகத்தை மீண்டும் எழுதவில்லை. இறந்த துணைக்கு உரியதாயிருந்த தேடியதேட்டத்தில், அவர் வேறு வகையில் கையளிக்காது விட்டதில் பாதி மற்றவருக்குச் சேரும் என்று மட்டுமே கூறியது. ஒரு வாசகம் விடுபட்டதற்கு என்ன அர்த்தம்?

1954இல் வெளியான தீர்ப்பொன்று, பழைய வழமை அழிந்துவிடவில்லை, உறுதி ஒருவர் பெயரில் இருந்தாலும் மற்றவருக்குப் பாதி உண்டு என வாசித்தது. 1986ஆம் ஆண்டின் தீர்ப்பறிக்கையில் உள்ள உயர் நீதிமன்றத் தீர்ப்பு அதை ஏற்கவில்லை. வாசகம் நீக்கப்பட்டால் நீக்கப்பட்டதுதான், வாங்கியவர் உயிரோடு இருக்கும்வரை அது அவருடைய சொத்து, மற்றவருக்குத் தானாகவே பாதி வந்து சேராது என்பதே அதன் சாரம்.

இந்த இடத்தில் எனது சின்னம்மாவின் கதையைச் சொல்லவேண்டும். அவரும் சின்னையாவும் வாழ்நாள் முழுவதும் உழைத்து ஒரு வளவு வாங்கினார்கள். தையல் மெசினில் இருந்து எழும்பாமல் அவர் சேர்த்த சீட்டுக்காசும் அதில் இருக்கிறது. உறுதி சின்னையாவின் பெயரில். "தேடியதேட்டம் தானே, பாதி எனக்கு" என்று சின்னம்மா எப்போதும் சொல்லுவார். எமது ஊரில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் நம்பியிருந்தார்கள். 1986இலேயே அந்த நம்பிக்கையின் அடித்தளம் கழன்றுவிட்டதை எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. நான் சொன்னபோது சின்னம்மா சிறிது நேரம் பேசவேயில்லை. பிறகு, "அப்ப என்ர காசு எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டார். எங்கும் எழுதியிருக்கவில்லை.

'ஆள்' என்றால் யார்?

ஒரு சொல் பெண்களுக்குக் கதவைத் திறந்த சம்பவமும் உண்டு. கனடாவில் 1867ஆம் ஆண்டுச் சட்டம், தகைமையுள்ள 'ஆட்களை' செனற் சபைக்கு நியமிக்கலாம் என்றது. பெண் ஓர் 'ஆளா' என்ற கேள்வியை ஐந்து பெண்கள் எழுப்பினர். 1928இல் கனடிய உயர் நீதிமன்றம், சட்டம் எழுதப்பட்ட காலத்தில் பெண்கள் பொதுப் பதவி வகித்ததில்லை, ஆகவே அச்சொல் பெண்ணைக் குறிக்காது என்றது.

அவர்கள் இலண்டனில் உள்ள கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்தனர். 1971 வரை எமது நாட்டு வழக்குகளும் இறுதியாகச் சென்ற இடம் அதுதான். 1929 ஒக்டோபர் 18ஆம் திகதி சாங்கி பிரபு வழங்கிய தீர்ப்பு, பெண்களைப் பொதுப் பதவிகளில் இருந்து விலக்கியது பழைய காட்டுமிராண்டிக் காலத்தின் எச்சம் என்றது. 'ஆள்' என்ற சொல் பெண்ணை ஏன் உள்ளடக்க வேண்டும் என்று கேட்போரிடம், ஏன் உள்ளடக்கக்கூடாது என்று திருப்பிக் கேட்டது. மறு வருடமே ஒரு பெண் அந்தச் சபையில் அமர்ந்தார். சட்டத்தில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. மாறியது வாசிப்பு மட்டுமே.

எந்த மொழிப் பிரதி?

தமிழில் வாசிக்கும் நாம் அறிந்திருக்கவேண்டிய இன்னொரு விடயமும் உண்டு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் போன்ற அண்மைக்காலச் சட்டங்களின் இறுதியில், சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே முரண்பாடு இருப்பின் சிங்கள உரையே மேலோங்கும் என்ற வாசகம் வழமையாக இடம்பெறும். 1911ஆம் ஆண்டுச் சட்டமோ ஆங்கிலத்தில் ஆக்கப்பட்டது. ஆகவே தமிழ்ப் பிரதியில் உள்ள ஒரு சொல்லை மட்டும் நம்பி முடிவெடுப்பது ஆபத்தானது. முக்கியமான விடயமாயின், மூலப் பிரதியில் அந்தச் சொல் எப்படி இருக்கிறது என்று சட்டத்தரணியிடம் கேட்பது எமது உரிமையாகும்.

நாம் செய்யக்கூடியவை

"சட்டத்தில் இடமில்லை" என்று எவராவது சொன்னால், "எந்தச் சட்டம், எத்தனையாம் பிரிவு?" என்று கேளுங்கள். அந்தப் பிரிவை மட்டுமன்றி, அதற்கு அடுத்து வரும் பிரிவுகளையும் வாசிக்கச் சொல்லுங்கள். விதிவிலக்குகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

சட்டத்தின் சொல்லுக்குப் பொருந்தும் ஆதாரத்தைச் சேர்த்து வையுங்கள். 'வசிப்பிடம் அறியப்படாத' என்றால், தேடியதற்கான ஒவ்வொரு தாளும் ஆதாரம். முறைப்பாட்டுத் துண்டுகளை எறிந்துவிடாதீர்கள்.

காணியோ வீடோ வாங்கும்போது உறுதி யார் பெயரில் எழுதப்படுகிறது என்று பாருங்கள். இருவரும் உழைத்திருந்தால் இருவர் பெயரிலும் எழுதக் கேளுங்கள். சீதனப் பணத்திலோ நகை விற்ற பணத்திலோ வாங்குவதாயின் அதை உறுதியிலேயே குறிப்பிடச் சொல்லுங்கள். இதைக் கேட்பது கணவரைச் சந்தேகிப்பது அல்ல. கொடுத்த பணத்துக்கு எழுத்து வைப்பது மட்டுமே.

சட்டங்கள் திருத்தப்படுபவை. ஆகையால் எதையும் செய்யமுன் இன்றைய வாசகம் என்னவென்று கேட்டறியுங்கள். வசதி குறைந்தோருக்கென 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தத்தின் பின்னர், காணாமற்போனவர் இறந்துவிட்டார் என்று கூறாமல், அவர் காணப்படவில்லை என்று மட்டும் கூறும் சான்றிதழைப் பெற வழி ஏற்பட்டது. அந்தச் செய்தியோடு வன்னி அக்காவைப் பார்க்கப் போனேன். மீதமிருந்த இரண்டு பரப்பை மகளுக்கு வைத்திருப்பதாகக் கூறினார். சான்றிதழ் பற்றிச் சொன்னபோது, அதில் என்ன எழுதியிருக்கும் என்று கேட்டார். சொன்னேன். இன்னும் ஒருமுறை சொல்லச் சொன்னார்.

"சரி தங்கச்சி," என்றார் அக்கா. "அது உண்மை. அதுக்குக் கையெழுத்து வைப்பன்."